பல்ப்பர்ல பிளாஸ்டிக் நறுங்கி வயர்ல ஒட்டுது, ராகர் கயிறும் அறுந்துக்கிட்டே இருக்கு, வழி சொல்லுங்க

புதுவயல் நைட்ஷிப்ட்:

வணக்கம். பேப்பர் மில்லு அனுபவம் உள்ளவங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் கவனிங்க. புதுவயல் பக்கம் ஒரு சின்ன கிராஃப்ட் பேப்பர் மில்லுல ஷிப்ட் பாக்குறேன். ஒரு நாளைக்கு 50 டன் ஓடணும்னு கணக்கு, அட்டப்பெட்டிக்குப் போற பேப்பர்தான், 120ல இருந்து 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தன கிராம்) வரைக்கும், பார்ட்டி 18 பிஎஃப் (பர்ஸ்ட் ஃபேக்டர், பேப்பரோட பலம்) கேக்குறாங்க. சரக்கு முழுக்க லோக்கல் வேஸ்ட் பேப்பர். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் காயலாங்கடைகள்ல இருந்து வர்ற பழைய அட்டப்பெட்டி பாதி, சிவகாசி பிரஸ் கட்டிங்கும் பட்டாசுப் பெட்டியும் மீதி. வெளிநாட்டு ஓசிசி (பழைய அட்டப்பெட்டி) எங்க முதலாளிக்குக் கட்டுப்படி ஆகாது. எப்பவாச்சும் தூத்துக்குடில இறங்குனதுல ஒண்ணு ரெண்டு லோடு வந்தா அன்னிக்கு மட்டும் மெஷின் அது பாட்டுக்கு ஓடும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். முன்னாடி பல்ப்பர் (பேப்பர தண்ணில போட்டு ரோட்டரால அடிச்சுக் கூழாக்குற தொட்டி) அடில இருக்குற பிளேட்டு 12 எம்எம் ஓட்டை. பிளாஸ்டிக் நிறைய தாண்டி வருதுன்னு சொல்லி முதலாளி யாரோ சொன்னதக் கேட்டு 6 எம்எம் ஓட்டை பிளேட்டு வாங்கி மாட்டச் சொன்னாரு, மாட்டியாச்சு, முதல் நாள் பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, பெரிய பெரிய கவரு எதுவும் தாண்டி வரல, ஆனா அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னா பல்ப்பர்ல இருந்து கூழ் வர்ற வேகமே கொறஞ்சுபோச்சு, செஸ்ட் (கூழ் சேத்து வெக்கிற தொட்டி) லெவல் ஏறவே மாட்டேங்குது, மெஷின்காரன் கூழு கூழுன்னு கத்துறான், ஸ்க்ரீன்ல பாத்தா கவரு நகத்துக்கண்ணு அளவுக்கு நறுங்கி வருது. வயர்ல (கூழ் விழுந்து தண்ணி வடியுற வலைப் பெல்ட்டு) பிசின் ஒட்டி ஒட்டி ஓட்டை ஓட்டையா பேப்பர் வந்து பிரேக் ஆகுது. ராத்திரில ரெண்டு மூணு தடவ மெஷின நிப்பாட்டி மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கிறோம்.

ராகர், அதாவது பல்ப்பர்ல கெடக்குற கம்பி, கவர கயிறா முறுக்கி மேல இழுக்குற வின்ச்சு, இன்னொரு தலைவலி. கயிறு உருவாகி மேல வர வர நடுவுல பட்டுனு அறுந்து உள்ள விழுந்துருது, அப்புறம் கொக்கி போட்டு அத எடுக்குறதுக்குள்ள ஷிப்டே முடிஞ்சிரும். ஐப்பசி மழையில யார்டுல கெடக்குற பேலெல்லாம் ஊறி வேற கெடக்கு, கிட்ட போனாலே புளிச்ச நாத்தம். பிஎஃப் 15, 16ன்னு நிக்குது, பார்ட்டி ரெண்டு லோடு திருப்பி அனுப்பிட்டாங்க. மேல கேட்டா "கெமிக்கல் மாத்து"ங்குறாங்க, கெமிக்கல்காரன் கேட்டா "சரக்கு சரியில்ல"ங்குறான். நடுவுல மாட்டுறது ஷிப்ட்காரன்தான்.

எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு யாராச்சும் சொல்லுங்க.

பழைய பல்ப்பர்காரர்:

தம்பி, நீ கேள்வியிலயே பதில எழுதிட்ட. அந்த 6 எம்எம் பிளேட்ட மொதல்ல கழட்டு.

பல்ப்பர் வேல பேப்பர நாராப் பிரிக்கிறது மட்டும்தான், சுத்தம் பண்றது அதோட வேல இல்ல. ஓட்டைய சின்னதாக்குனா என்ன ஆகும்? அந்த ஓட்டை வழியா போற அளவுக்கு எல்லாம் சின்னதா ஆகுற வரைக்கும் தொட்டிக்குள்ளயே சுத்தும். அட்டை நறுங்குதோ இல்லையோ, அதுகூட கெடக்குற பாலித்தீன் கவரு, பேக்கிங் டேப்பு, தெர்மாக்கோல் எல்லாம் ரோட்டர்ல அடிபட்டு அடிபட்டு பொடியாயிரும். முழுசா இருந்தப்ப கையில பிடிச்சு எடுத்திருக்கலாம், ராகர் சுத்தி எடுத்திருக்கும், கோர்ஸ் ஸ்க்ரீன் தடுத்திருக்கும். பொடி ஆனப்புறம் எவன் எடுக்குறது? நான் 30 வருஷம் பல்ப்பர் பக்கத்துல நின்னவன், எனக்குத் தெரிஞ்ச ஒரே பாடம் இதுதான்: குப்பைய முழுசா வெச்சே வெளிய எடு, நறுக்காத. வெளிய எடுக்குறதுக்கு முன்னாடி நறுக்கிட்டா அப்புறம் எந்த கெமிக்கலும் காப்பாத்தாது.

10, 12 எம்எம் பிளேட்டுல கொஞ்சம் செதில் செதிலா கூழ் தாண்டி வரும், வரட்டும். ஹெச்.டி. கிளீனர் (கல்லு, ஆணி மாதிரி கனமானத ஒதுக்குறது), கோர்ஸ் ஸ்க்ரீன் தாண்டுனப்புறம் டீஃப்ளேக்கர்ல அந்தச் செதிலப் பிரிச்சுக்கலாம், அதுக்குத்தான் அந்த மெஷினு. உங்க மில்லுல டீஃப்ளேக்கர் இருக்கா இல்லையா, அத நீ சொல்லவே இல்ல.

கூழ் போதுமான அளவு பிரிஞ்சிருக்கான்னு பாக்க லேப் எதுவும் வேணாம். கண்ணாடி டம்ளர்ல ஒரு கரண்டி கூழ விட்டு நெறையத் தண்ணி ஊத்தி நல்லா கலக்கி டியூப்லைட் வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடி. நார் தனித்தனியா பஞ்சு பறக்குறாப்புல மெதக்கும், பிரியாத செதில் கறுப்பா புள்ளி புள்ளியாத் தெரியும். 12 எம்எம்ல ஒரு டம்ளர், 6 எம்எம்ல ஒரு டம்ளர் எடுத்து வெச்சு முதலாளிகிட்டக் காட்டு, ரெண்டாவதுல செதில் கொறைவா இருக்கும் ஆனா மினுக்கு மினுக்குனு பிளாஸ்டிக் துண்டு மெதக்கும், அதப் பாத்தா அவரே சொல்லுவாரு.

ராகர் கயிறு அறுந்துபோறதுக்குக் காரணம் முக்காவாசி இடத்துல வேகம்தான். வேகமா இழுத்தா கயிறு மெலிசா, சதை பிடிக்காம வரும், வெயிட்டு தாங்காம அறுந்துரும். ரொம்ப மெதுவா இழுத்தா உரல் சைசுக்குத் தடிச்சு கழுத்துல சிக்கிக்கும். ஆளுங்க கையளவு தடிமன் வந்துட்டு இருந்தா சரியான வேகம்னு வெச்சுக்க. இன்னொண்ணு, பேல் கட்டுற கம்பிய எல்லாம் சுத்தமா உருவிட்டுப் போடுறீங்களா? சில மில்லுல கம்பிக்கு காயலாங்கடைல காசு வருதுன்னு ஒண்ணு விடாம உருவிருவாங்க. கம்பி இல்லாம ராகர்ல பிடிமானமே இருக்காது, வெறும் பிளாஸ்டிக்கும் துணியும் மட்டும் முறுக்கிக்கிட்டு வந்தா அறுந்துதான் போகும். பாதிக் கம்பி உள்ள போகட்டும். அது முதுகெலும்பா நிக்கும், கவரும் கயிறும் அதச் சுத்தி ஏறிக்கும்.

ரோட்டர் பிளேடு தேஞ்சிருக்கான்னும் பாத்துரு. பிளேடுக்கும் பிளேட்டுக்கும் நடுவுல இடைவெளி கூடிப்போச்சுன்னா கூழ் இறங்குறதே கொறையும், அப்ப மோட்டார் சும்மா சுத்தும், வேல நடக்காது.

புதுவயல் நைட்ஷிப்ட்:

அண்ணே, டீஃப்ளேக்கர் இருக்கு, ஆனா பேரிங் போய் ஓரமாக் கெடக்கு, பைபாஸ் பண்ணி ஓடுது. கம்பி விஷயம் நூத்துக்கு நூறு உண்மைண்ணே, யார்டுல கான்ட்ராக்ட் ஆளு கம்பிய மொத்தமா உருவி வித்துருவான், அவனுக்கு அதுதான் டீ செலவு. கன்சிஸ்டென்சி எவ்வளவு வெக்கணும்? எங்க ஆப்பரேட்டர் கண்ணு மதிப்புலதான் தண்ணி விடுறாரு.

பழைய பல்ப்பர்காரர்:

ராகர் இருக்குற பல்ப்பர்னா 4ல இருந்து 5 சதவீதம். 5 சதவீதம்னா ஒரு கன மீட்டர்ல 50 கிலோ நார் இருக்குன்னு அர்த்தம். ரொம்ப தண்ணியாக்குனா அட்டையும் அட்டையும் உரசாது, ரோட்டர் மட்டும் தண்ணிய அடிக்கும், கரண்டு வீண். ரொம்ப கெட்டியாக்குனா சுழலே நின்னுரும், பேல் மேலயே மெதக்கும். தொட்டி நடுவுல பள்ளம் விழுந்து சரக்கு உள்ள இழுத்துட்டுப் போகுதான்னு பாத்தாலே பாதி தெரிஞ்சிரும், ஆனா ஷிப்டுக்கு ரெண்டு தடவயாச்சும் ஒரு சாம்பிள் எடுத்து வடிகட்டி 105 டிகிரி ஓவன்ல காயவெச்சு எடை போடச் சொல்லு. கண்ணு மதிப்பு பகல்ல சரி, ராத்திரி மூணு மணிக்கு யாரு கண்ணும் மதிக்காது.

பேரிங்க மொதல்ல மாத்துங்கப்பா.

கழனிவாசல் கெமிஸ்ட்:

பெரியவர் சொன்னதுல பிளேட்டு விஷயம் ஒத்துக்கிறேன், ஆனா எல்லாத்தையும் பிளேட்டு தலையில போடவும் முடியாது. நீங்க வயர்ல ஒட்டுதுன்னு சொல்ற பிசின் பிளாஸ்டிக் கவரு இல்ல, அது வேற. டேப்போட பின்பக்க கோந்து, ஸ்டிக்கர் கோந்து, பெட்டி மூடி ஒட்டுற ஹாட் மெல்ட், மெழுகு, இதெல்லாம் சேந்துதான் ஸ்டிக்கீஸ். பெருசா இருக்குறத 0.15, 0.20 எம்எம் ஸ்லாட்டு ஸ்க்ரீன் தடுக்கும். ஆனா இதுங்களுக்கு ஒரு கெட்ட குணம், சூடு ஏறுனா இளகும். இளகுன பிசின் பிரஷர்ல நசுங்கி நீண்டு ஸ்லாட்டுக்குள்ள புகுந்து அந்தப் பக்கம் போய் மறுபடி உருண்டுக்கும். கூழ் சீக்கிரம் பிரியுதேன்னு சில பேரு பல்ப்பர்ல லைவ் ஸ்டீம் (நேரடி நீராவி) விடுவாங்க. லோக்கல் கட்டிங்குக்கு அது வேணாம், 40, 45 டிகிரி தாண்ட விடாதீங்க. உங்க ஊருல பாய்லர்ல எரிக்க புதுவயல் அரிசி மில்லு உமி சல்லிசா கிடைக்குது, அதனால ஸ்டீம் தாராளமா விடுவீங்கன்னு நெனைக்கிறேன்.

ரெண்டாவது, தண்ணி. நீங்க பேக் வாட்டர (வயர்ல வடிஞ்சு திரும்ப வர்ற தண்ணி) எவ்வளவு தூரம் சுத்தி சுத்தி யூஸ் பண்றீங்க? நம்ம பக்கம் போர்ல தண்ணி கொறைவு, வெளிய விடவும் கூடாது, அதனால எல்லா மில்லும் அதே தண்ணியத்தான் சுத்துது. அதுல என்ன நடக்குதுன்னா கண்ணுக்குத் தெரியாத பொடிப் பிசின், பெட்டில இருந்து கரையுற ஸ்டார்ச்சு, கால்சியம் எல்லாம் சேந்துக்கிட்டே போகும். திடீர்னு பிஎச் மாறுனாலோ, குளிர்ந்த ஃப்ரெஷ் வாட்டர் ஒரே இடத்துல விழுந்தாலோ, ஆலம் மாதிரி கேட்டயானிக் (பாசிட்டிவ் சார்ஜ் உள்ள) கெமிக்கல் ஒரே மூச்சா விழுந்தாலோ அந்தப் பொடியெல்லாம் ஒண்ணு சேந்து மறுபடி கட்டியாகும். ஸ்க்ரீன் தாண்டி வந்தப்புறம் உருவாகுறது அது, அதத் தடுக்க எந்த ஸ்க்ரீனாலயும் முடியாது. ஒரு டிஏஎஃப் (பொடிக் காத்துக் குமிழ் விட்டு அழுக்க மெதக்க வெக்கிற தொட்டி) வெச்சு பேக் வாட்டர்ல மெதக்குறத எடுத்தீங்கன்னா பாதிப் பிரச்சினை அங்கயே அடங்கும்.

டால்க் பவுடர் போட்டுப் பாருங்க. பிசின் மேல போய் படிஞ்சு ஒட்டுற தன்மையக் கொறைக்கும். எஸ்டரேஸ் என்சைம் இருக்கு, அது விலை அதிகம், பாலிவினைல் அசிடேட் மாதிரி எஸ்டர் கோந்துலதான் வேல செய்யும், ரப்பர் கோந்துகிட்ட ஒண்ணும் நடக்காது. கெமிக்கல் விக்க வர்றவங்க இத சொல்ல மாட்டாங்க.

மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கிறத தயவுசெஞ்சு நிப்பாட்டுங்க. சூடான டிரையர் பக்கத்துல மண்ணெண்ணெய் வாளி வெச்சுட்டு நிக்கிறது எனக்கு நெனச்சாலே பகீர்னு இருக்கு. அதோட கரைஞ்ச பிசின் எங்க போகும்? கீழ வயர் பிட்டுல விழுந்து மறுபடி அதே தண்ணில சுத்தி வரும்.

பிஎஃப் கொறையுறதுக்கு பிசின் காரணம் இல்ல, அது நாரு. ஒவ்வொரு தடவ காஞ்சு மறுபடி நனையுறப்பவும் நாரு விறைச்சுப் போகும், தண்ணிய இழுத்து ஊதி மெத்துனு ஆகுற குணம் கொறையும், அதனால நாருக்கு நாரு பிடிப்பு இருக்காது. பொதுவா 5ல இருந்து 7 தடவ வரைக்கும்தான் தாங்கும்னு சொல்லுவாங்க. நம்ம லோக்கல் அட்டை ஏற்கனவே பல ரவுண்டு வந்தது. அமெரிக்க ஓசிசில பைன் மரத்து புது நாரு கலந்திருக்கும், அதான் அது வர்ற அன்னிக்கு மெஷின் பாட்டுக்கு ஓடுது. ரீஃபைனர இறுக்குனா பிஎஃப் ஏறும்னு நெனைக்காதீங்க, ஏற்கனவே நொந்துபோன நார இன்னும் அரைச்சா ஃபைன்ஸ், அதாவது பொடி நாருதான் கூடும், வயர்ல தண்ணி வடியாது, மெஷின் ஸ்பீடு விழும். ஸ்டார்ச்சு கூட்டிப் பாருங்க, சைஸ் பிரஸ் (பேப்பர் மேல ஸ்டார்ச்சு பூசுற உருளை) இருந்தா இன்னும் நல்லது.

செக்காலை காயலான்:

எல்லாரும் சரக்கு சரியில்ல சரக்கு சரியில்லங்குறீங்களே, சரக்கு குடுக்குறவன் நான் இங்கதான் இருக்கேன்.

மில்லுக்காரங்க அட்டைக்கு ஒரே ரேட்டுதான் குடுக்குறீங்க. நல்லா பிரிச்சு டேப்பு கிழிச்சு காஞ்சதாக் குடுத்தாலும் அதே ரேட்டு, அப்படியே மிதிச்சுக் கட்டிக் குடுத்தாலும் அதே ரேட்டு. அப்புறம் எவன் உக்காந்து பிரிப்பான் சொல்லுங்க? எங்க கடைல ரெண்டு அக்கா உக்காந்து பிரிக்கிறாங்க, அவங்களுக்கு நான் கூலி குடுக்கணும்ல. இங்க வர்ற சரக்கு என்னென்னன்னு தெரியுமா உங்களுக்கு? பலகாரக் கடை பெட்டி, முறுக்கும் சீப்புச் சீடையும் போன எண்ணெய் ஊறுன அட்டை. ஜூஸ் வர்ற டெட்ரா பெட்டி, உள்ள அலுமினியம், பிளாஸ்டிக், அட்டைன்னு அடுக்கு அடுக்கா இருக்கும். தை முகூர்த்தம் முடிஞ்சா கல்யாணப் பத்திரிகை மூட்டை மூட்டையா வரும், நம்ம ஊரு பத்திரிகை உங்களுக்கே தெரியும், ஒவ்வொண்ணும் கால் கிலோ தேறும், தங்கக் கலர் ஃபாயில், மேல லேமினேஷன், உள்ள வெல்வெட் துணி. அத எப்படிய்யா கூழாக்குவீங்க? அதெல்லாம் நான் பிரிச்சு ஓரமாப் போட்டா எடை கொறையுது, போடாம விட்டா உங்க பல்ப்பர் திட்டுது.

பேப்பர் கப்பும் அப்படித்தான். 2019 ஜனவரி 1ல இருந்து பிளாஸ்டிக் பூசுன கப்பு தட்டு எல்லாம் தமிழ்நாட்டுல தடை, ஆனா விசேஷ வீட்டுல இன்னமும் வரத்தான் செய்யுது.

ஈரம்? ஆமா, தண்ணி தெளிக்கிற ஆளு இருக்கான், இல்லன்னு சொல்லல. ஆனா மழைக்காலத்துல நான் காஞ்சதா ஏத்துன லோடு உங்க கேட்டுல ரெண்டு நாள் நின்னு நனைஞ்சா அதுக்கு நானா பொறுப்பு? தார்ப்பாய் போட்டு யார்டுக்குக் கூரை போட முதலாளிக்கு மனசு வராது, ஈரம் பிடிச்சுட்டு எடைல கழிக்க மட்டும் வரும்.

பழைய பல்ப்பர்காரர்:

காயலான் தம்பி சொல்றது நியாயம்தான். ஒரு கணக்கு போடுங்க. 10 டன் லோடு 10 சதவீத ஈரத்துல வந்தா 9 டன் காஞ்ச சரக்கு. அதே 10 டன் 20 சதவீத ஈரத்துல வந்தா 8 டன். ஒரு டன்னு காசு தண்ணிக்குக் குடுத்தாச்சு. கேட்டுலயே ஊசி மீட்டர் வெச்சு பேலுக்கு நடுவுல குத்திப் பாக்கணும், மேல குத்துனா காஞ்சதாத்தான் காட்டும், பலே ஆளுங்க நடுவுலதான் தண்ணி விடுவாங்க. ஈரமானது எடையில மட்டும் நட்டம் இல்ல. ஊறிக் கெடக்குற பேலுக்குள்ள ஸ்டார்ச்சத் தின்னு கிருமி வளந்து சூடேறி நாரையும் கெடுக்கும். அந்தப் புளிச்ச நாத்தம் அதுதான், அந்த நாத்தம் கடைசியா பெட்டிலயும் வரும், பலகாரக் கடைக்காரன் பெட்டிய மோந்து பாத்து திருப்பி அனுப்புவான். அதனால யார்டுல முதல்ல வந்த பேல முதல்ல போடணும், பின்னாடி வந்தது கைக்கு எட்டுதுன்னு அதப் போடக் கூடாது. மழைக்கு முன்னாடி வந்த பேலு அடியில மக்கிப்போய்க் கெடக்கும் பாருங்க, எல்லா யார்டுலயும் இருக்கும்.

சிவகாசி கட்டிங்:

நடுவுல ஒரு சந்தேகம். சிவகாசி பிரஸ்ல ஓரம் வெட்டுறது வெள்ளைப் பேப்பர் ஆச்சே, அத ஏன் கிராஃப்ட்ல கொட்டி வீணாக்குறீங்க? அதத் தனியா வெள்ளைக் கூழாக்கி நோட்டுப் பேப்பர் போட்டா நல்ல விலை வருமே?

கழனிவாசல் கெமிஸ்ட்:

பிரிண்ட் ஆகாத வெள்ளை ஓரத்துக்கு எப்பவுமே தனி விலை, அது கிராஃப்ட் மில்லுக்கு வராது. வர்றது கலர் அடிச்சது, யூவி வார்னிஷ் போட்டது, காலண்டர் அட்டை, பிளாஸ்டிக் படலம் ஒட்டுனது. அத வெள்ளையாக்கணும்னா டீஇங்கிங் பிளாண்ட் வேணும். காஸ்டிக், சோடியம் சிலிகேட், பெராக்சைடு, சோப்பு எல்லாம் போட்டு பிஎச் 9, 10ல வெச்சு மையப் பிரிச்சு, அடில இருந்து காத்த விட்டு நுரையோட மைய மேல ஏத்தி வழிச்சு எடுக்கணும். மையோட நாரும் ஃபில்லரும் கொஞ்சம் போயிரும். யூவி மையி சாதாரண மை மாதிரி பொடியாகாது, தகடு தகடா உடையும், நுரைல ஏறாது, புள்ளி புள்ளியா பேப்பர்லயே நிக்கும். டிஎன்பிஎல் (தமிழ்நாடு அரசு பேப்பர் கம்பெனி) காகிதபுரத்துல அந்த பிளாண்ட் வெச்சிருக்காங்க. 50 டன் மில்லுக்கு அது யானை வாங்குன கதை.

அச்சடிச்ச பேப்பர்ல இருந்து மை எடுத்து மறுபடி பேப்பர் பண்ணலாம்னு ஜெர்மனில கிளாப்ரோத்னு ஒருத்தர் 1774லயே சின்னதா புஸ்தகமே போட்டுட்டாரு. 250 வருஷமா அந்த வேல நடக்குது, இன்னும் முழுசா முடியல.

கோட்டையூர் பேரன்:

காயலான் அண்ணே, ஒரு விஷயம் கேக்கணும். நம்ம பக்கம் பழைய வீடு இடிக்கிறப்ப பெட்டகம், கதவு, தூணெல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு பழம்பொருள் கடைகளுக்குப் போயிருது, சரி. ஆனா அந்த வீட்டுப் பேரேடு, பர்மா மலாயா கணக்கு நோட்டு, கடுதாசிக் கட்டு இதெல்லாம் எடை போட்டு உங்க கடைக்குத்தான் வரும். அதெல்லாம் மில்லுக்கு ஏத்திராதீங்க. எங்க ஊரு ரோஜா முத்தையா செட்டியார் அப்படித் தேடித் தேடி சேத்துவெச்சதுதான் 1992ல அவரு காலமானப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994ல சென்னைல ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமா ஆச்சு. துண்டு நோட்டீஸ் வரைக்கும் அவரு விடல.

செக்காலை காயலான்:

வந்தா எடுத்து வெக்கிறேன் தம்பி. போன வருஷம் ஒரு பேரேடு வந்துச்சு, தோல் அட்டை, கயிறு கட்டுனது, பேப்பர் இன்னமும் துணி கணக்கா கெட்டியா இருந்துச்சு. கேட்டு வந்த ஒருத்தருக்குச் சும்மா குடுத்துட்டேன். மில்லுக்கு அது எத்தன கிலோ தேறப்போகுது.

புதுவயல் நைட்ஷிப்ட்:

பேரேடு எங்க பல்ப்பருக்கு வேணாம் சாமி, அட்டப்பெட்டியே செமிக்க மாட்டேங்குது.

கொட்டான் ஆச்சி வீடு:

இதப் பாத்துட்டு எங்க ஆச்சிகிட்ட சொன்னேன், சிரிச்சுட்டாங்க. அவங்க சொல்றத அப்படியே டைப் பண்றேன். "பழைய கூடை, முறத்துக்குப் பூச நாங்க பேப்பர ரெண்டு நாள் ஊறப்போட்டு வெந்தயம் சேத்து ஆட்டுக்கல்லுல அரைப்போம். தினத்தந்தி பேப்பர் வெண்ணெயா அரையும். வழவழப்பு அட்டை போட்டா மூணு நாள் ஊறுனாலும் மேல தோல் அப்படியே நிக்கும், கல்லுல வழுக்கும். அதனால ஊறப்போடுறதுக்கு முன்னாடியே கிழிச்சுப் பாத்துருவோம், கிழியுறப்ப ஓரத்துல பஞ்சு தெரிஞ்சா போடு, ஜவ்வா இழுத்தா தூக்கிப் போடு." அம்புட்டுத்தான் ஆச்சி சொன்னது.

பழைய பல்ப்பர்காரர்:

ஆச்சிக்குக் கும்பிடு. உங்க யார்டு ஆளுக்கு அந்தக் கிழிச்சுப் பாக்குற வேலைய முதல்ல சொல்லிக்குடுங்க, மெஷினே வேணாம். ஒண்ணு மட்டும் சேத்துக்கணும்: கிழிக்கிறப்ப பஞ்சு தெரிஞ்சாலும் தண்ணில போட்டா பிரியாத ரகம் ஒண்ணு இருக்கு, வெட் ஸ்ட்ரெங்த் ரெசின் போட்டது. ஒரு துண்ட ராத்திரி தண்ணி டம்ளர்ல போட்டு காலைல கையால கசக்குனா தெரிஞ்சிரும். அந்த ரகத்த கெமிக்கல் போட்டு சூடாக்குனாத்தான் பிரிக்கலாம், உங்க லைன்ல அத ஓட்டவேணாம், லோடோட திருப்பிருங்க.

கெமிஸ்ட் தம்பி டால்க் போடச் சொன்னாரு, போடட்டும், ஆனா பிளேட்ட மாத்தாம டால்க் மட்டும் போட்டா பிசினுக்கு மாவு தடவி விடுற வேலதான், அளவு கொறையாது. அதுல அவர்கூட எனக்கு சண்டைதான்.

கழனிவாசல் கெமிஸ்ட்:

அதுல சண்டையே இல்ல ஐயா, பிளேட்டு முதல்ல, டால்க் அப்புறம். ஆனா தண்ணியத் தொடாம பிளேட்ட மட்டும் மாத்துனாலும் கொஞ்ச நாள்ல அதே பிசின் திரும்ப வரும்னு நானும் எழுதி வெச்சுக்கிறேன்.

பழைய பல்ப்பர்காரர்:

சரி, நைட்ஷிப்ட் தம்பி, முக்கியமானது ஒண்ணு. பிளேட்டு மாத்த ஆளு தொட்டிக்குள்ள இறங்கணும், அப்படியே பேக் வாட்டர் பிட்டு, செஸ்ட்டையும் கழுவிரலாம்னு யாராச்சும் சொல்லுவாங்க. நாள்பட தேங்குன கூழ்ல, புளிச்ச தண்ணில ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும். காத்த விடக் கனமானது, அடியிலயே படுத்துக்கிடக்கும். மொதல்ல அழுகுன முட்டை நாத்தம் வரும், அளவு கூடுனா மூக்கு மரத்துப்போய் நாத்தமே தெரியாது, நாத்தம் போயிருச்சுன்னு நெனச்சு இறங்குனவன் அங்கயே சாஞ்சுருவான், அவனத் தூக்க இறங்குறவனும் சாஞ்சுருவான். காஸ் மீட்டர் இறக்கிப் பாக்காம, புளோவர் வெக்காம, பெல்ட் மாட்டி மேல ஆளு நிக்காம ஒருத்தனையும் இறக்காத. பழைய ஃபேக்டரி சட்டம் 1948லயே 36வது பிரிவு இதுக்குன்னே இருந்துச்சு, முதலாளி முறைச்சா அதச் சொல்லு. பல்ப்பர் மோட்டார் பிரேக்கர்ல பூட்டு போட்டு சாவிய இறங்குறவன் பையில வெச்சுக்கணும், மெயின் ஆஃப் பண்ணிட்டேன்னு வாயால சொல்றதெல்லாம் கணக்குல வராது.

புதுவயல் நைட்ஷிப்ட்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டம்ளர் ரெண்டையும் முதலாளி டேபிள்ல வெச்சேன். தூக்கிப் பாத்தாரு, ஒண்ணும் பேசல, கொஞ்ச நேரம் கழிச்சு "பழைய பிளேட்டு ஸ்கிராப்புக்குப் போட்டாச்சா இருக்கா"ன்னு மட்டும் கேட்டாரு. இருக்கு, நல்லவேளை, குடோன் பின்னாடி கெடந்துச்சு. வெள்ளிக்கிழமை ஷட்டவுன்ல மாத்துறோம், டீஃப்ளேக்கர் பேரிங்கும் மதுரைல இருந்து வருது. காஸ் மீட்டர் எங்ககிட்ட இல்ல, பக்கத்து மில்லுல வாடகைக்குக் கேட்டிருக்கேன், அது வராம ஆள இறக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். யார்டு கான்ட்ராக்ட் ஆளுகிட்ட பேலுக்கு ரெண்டு கம்பி விடச் சொன்னதுக்குத்தான் பெரிய சண்டை. டீ காசு தனியா குடுத்துர்றோம்னு ஒத்துக்க வெச்சாச்சு. டிஏஎஃப்புக்கு இப்ப காசு இல்லன்னுட்டாரு, அது தைக்கு அப்புறம்தான் பேசணும்.

காயலான் அண்ணே, பிரிச்சு, டேப்பு கிழிச்சு, 12 சதவீதத்துக்குக் கீழ ஈரத்துல ஒரு லோடு குடுத்தா கிலோவுக்கு எவ்வளவு கூட கேப்பீங்க? முதலாளி கேக்கச் சொன்னாரு.

செக்காலை காயலான்:

கூட ஒண்ணரை ரூபா. கேட்டுல நிக்கவெக்காம அன்னிக்கே இறக்கணும், ஊசி மீட்டர என் டிரைவர் முன்னாடிதான் குத்தணும், நடுவுல குத்துங்க மேல குத்துங்க, எனக்குப் பயமில்ல. பத்திரிகையும் டெட்ரா பெட்டியும் ஒரு துண்டு இருந்தாலும் லோடத் திருப்பிருங்க, வண்டி வாடகை என்னுது. சம்மதம்னா சனிக்கிழமை காலைல ஏத்துறேன், மழை பேஞ்சா திங்கக்கிழமை.

புதுவயல் நைட்ஷிப்ட்:

ஒரு ரூபா குடுக்குறேங்குறாரு.

செக்காலை காயலான்:

ஒண்ணேகால். தார்ப்பாய் என்னுது.